தோட்டத்து நேரம்

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கோபமும் கர்வமும் சரிபாதி. கர்வம் பிற்பாடு ஓரளவு குறைந்தது. கோபம் குறையவில்லை. இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. பொகவந்தலாவைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாக இருந்தேன். என் அம்மாவும் தேயிலைக் கூடை தூக்கியவர்தான். எப்படியோ என்னை அட்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்துவிட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மைல் நடந்து ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய், அங்கே வேலை செய்த பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தேன். சம்பளம் கிடையாது. யாரும் என்னைப் போகச் சொல்லவும் இல்லை.

அவர்களுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. காரணம் மிகவும் எளிது. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பம் போட்டவர்களுக்கு விசாரணைக் கடிதம் இங்கிலீஷில் வந்துகொண்டிருந்தது. இந்தத் தேதி, இத்தனை மணிக்கு, இந்த இடத்துக்கு வா என்று தட்டச்சில் இரண்டு வரி. அந்த இரண்டு வரியைப் படித்துச் சொல்ல ஆள் தேடி, தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாக அலைந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் காலை பத்தேகாலுக்குப் போக வேண்டிய விசாரணைக்கு மத்தியானம் போய் நின்று, எல்லாம் போயிற்று. இங்கேயே பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்து, இங்கேயே பெற்றவர்களைப் புதைத்தவர்கள், தாங்கள் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று ஒரு அதிகாரியின் முன் சொன்ன நேரத்துக்குப் போய் நிரூபிக்க வேண்டும். அதுதான் சட்டம்.

வகுப்பு நடந்தது பிள்ளைக்காம்பராவில். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். கூரை மரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். தொட்டில்களுக்குக் கீழே பதினாறு பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆண்களும் சிலர் முதலில் வந்தார்கள். பெண்களோடு உட்கார்ந்து தப்புத் தப்பாகச் சொல்ல வெட்கப்பட்டு நின்றுவிட்டார்கள்.

தேயிலைப் பெட்டிப் பலகையை வட்டமாக அறுத்து ஒரு கடிகாரம் செய்திருந்தோம். முள் இரண்டும் பெட்டிக்கு அடிக்கும் தகட்டில் வெட்டியவை. நடுவில் ஒரு ஆணி. நான் முள்ளைத் திருப்பி வைத்து, 'வாட் இஸ் த டைம்?' என்று கேட்பேன். பதினாறு குரல்கள் ஒன்றாகப் பதில் சொல்லும்.

அவர்களுக்கு நேரம் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் முதல் முட்டாள்தனம் அது. கதவு வழியாக விழும் வெயில் எந்தத் தொட்டில் வரைக்கும் வந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்ன மணி என்று சொல்லிவிடுவார்கள். நான் கேட்டது பலகையில் இருக்கும் மணியை. அவர்கள் சொன்னது நிஜமான மணியை. எனக்கு எரிச்சல் வந்து, ஒரு நாள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு வகுப்பு நேரத்தில் கதவைச் சாத்தியே வைத்தேன்.

"நிழலைப் பாக்காதீங்க. முள்ளைப் பாருங்க. ஆபீஸ்ல உங்க நிழலை யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் நான் சொன்னது பெரிய சாமர்த்தியமாகத்தான் பட்டது.

வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று ஒரு அக்காவைச் சொல்ல வேண்டும். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் தன் பிறப்புத் துண்டு, பிள்ளைகளின் பிறப்புத் துண்டு, தோட்டத்தில் பேர் பதிந்த சீட்டுகள் எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். மூன்று பேருக்குமாகச் சேர்த்து ஒரே விண்ணப்பம். அது போனால் மூவரும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள். வகுப்புக்கு வரும்போதெல்லாம் அந்த டின்னையும் எடுத்து வருவார். லயத்தில் விட்டு வரப் பயம்.

அந்த அக்கா ஒரே ஒரு தப்பை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தார். பலகையில் முள்ளை ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிக்குக் கொண்டு போகச் சொன்னால், பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் பெரிய முள்ளை அரை வட்டம் பின்னால் தள்ளுவார். பிறகு மறுபடி முன்னால் கொண்டு வருவார். அவர் மட்டுமில்லை. இன்னும் நாலைந்து பேர் அதே இடத்தில் அதையே செய்தார்கள்.

"என்னக்கா இது? கடிகாரம் எங்கேயாவது பின்னால போகுமா?" என்று கேட்டேன்.

"போகாதுங்களா டீச்சர்?"

"போகவே போகாது. எந்த ஊர்லயும் போகாது."

அவர் ஒரு நிமிடம் பலகையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அந்தத் தப்பை அவர் செய்யவில்லை. நான் சொன்னதை நம்பிவிட்டார். பிள்ளைக்காம்பராவிலிருந்து பார்த்தால் தொழிற்சாலையின் முகப்பில் பெரிய கடிகாரம் தெரியும். ஒரு ஞாயிறு அவர்களை வெளியே கூட்டிப் போய், என் கைக்கடிகாரத்தை அதற்கு எதிரே நீட்டிக் காட்டினேன். இரண்டும் ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் ஒத்துப்போயின. 'பாத்தீங்களா, முள்ளை நம்பினா மோசம் வராது' என்று வேறு சொன்னேன். வேண்டியவரைக்கும் சொல்லி வைத்தேன்.

அக்காவுக்குக் கடிதம் வந்தது. அட்டனில் விசாரணை, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டேகால். யார் உதவியும் இல்லாமல் அவரே வாசித்தார். 'குவார்ட்டர் பாஸ்ட் டூ' என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னபோது மற்றப் பெண்கள் கை தட்டினார்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சந்தியில் பஸ். அதைப் பிடித்தால் ஒன்றே முக்காலுக்கு அட்டன். அன்று காலை வேலைக்குப் போய் அரை நாள் கூலிக்கு அரைப்பேர் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டுக்கு மலையிலிருந்து இறங்கினால் போதும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவள் நான்தான். முழு நாளும் லீவு கேட்டிருந்தால் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்.

அடுத்த ஞாயிறு நல்ல செய்தி கேட்கும் ஆசையோடு போனேன். அக்கா வகுப்பில் இல்லை. லயத்துக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் டின் மடியில் இருந்தது.

"பஸ்ஸு போயிருச்சு டீச்சர்" என்றார்.

வியாழக்கிழமை வெயில் நன்றாக இருந்திருக்கிறது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது தன் நிழல் காலடிக்குள் வந்துவிட்டதைப் பார்த்திருக்கிறார். பக்கத்து நிரையில் நின்றவள், 'உச்சி ஆயிருச்சு, கெளம்பு' என்று சொல்லியிருக்கிறாள். அக்கா தொழிற்சாலைக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. நிழலைப் பார்க்காதே, முள்ளைப் பார் என்று நான் சொல்லியிருந்தேனே. இன்னும் அரை மணி இருக்கிறது என்று நின்று பறித்தார். கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனதும் சேலை மாற்றிச் சந்திக்கு ஓடினார். பஸ் போய்க் கால் மணிக்கு மேல் ஆகிவிட்டது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பாதி தூரம் நடையிலும் பாதி தூரம் ஒரு மரக்கறி லொறியிலும் அட்டனுக்குப் போனபோது நாலு மணி. அவருடைய பேரை மூன்று முறை கூப்பிட்டுவிட்டுக் கோப்பை மூடிவிட்டார்கள். வாசலில் இருந்த பியோன் உள்ளேயே விடவில்லை.

"நான் முள்ளைத்தான் பாத்தேன் டீச்சர். நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன்."

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரை நம்பவில்லை. சின்ன முள்ளையும் பெரிய முள்ளையும் மாற்றிப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். பலகைக் கடிகாரத்தைக் கொண்டுவரச் சொல்லி, அந்த அடுப்படியில் வைத்து அவருக்குப் பரீட்சை வைத்தேன். பத்துக் கேள்வி கேட்டேன். வாழ்க்கையே கையை விட்டுப் போன ஒரு மனுஷி, பத்துக்கும் சரியாகப் பதில் சொன்னார். அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். வேலை நாளில் அங்கே நான் போனது அதுதான் முதல் தடவை. தொழிற்சாலைக்கு எதிரே ரோட்டோரம், குடையை விரித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது மணி. என் கடிகாரமும் அதுவும் ஒன்றாகவே காட்டின. 'அக்காதான் தப்பாகப் பார்த்திருக்கிறார்' என்று எனக்குள் ஒரு கேவலமான நிம்மதி. திரும்பிப் போகலாமா என்றுகூட யோசித்தேன். தூறல் வலுத்ததால் நின்றேன்.

பத்தும் ஆகிப் பத்து நிமிடமும் ஆனது. அந்தக் கடிகாரத்தின் பெரிய முள் ஒரு முறை அதிர்ந்தது. பிறகு மெதுவாக, யாரோ உள்ளே இருந்து கையால் திருப்ப, பின்னால் போனது. பன்னிரண்டைத் தாண்டி, பதினொன்றைத் தாண்டி, எட்டில் போய் நின்றது. பத்து மணி பத்து நிமிடம், ஒன்பது மணி நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. எதிர் மலையில் ஐம்பது அறுபது பெண்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூடையோடு ரோட்டைக் கடந்த என் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கடிகாரத்தைக் காட்டினேன்.

"ஆமா டீச்சர், அது தெனமும் ஒருக்கா பின்னால போயிட்டுத்தான் வரும்" என்றாள் சாதாரணமாக. "எல்லாக் கடியாரமும் அப்படித்தான்னு இருந்தோம். நீங்கதான் போகாதுன்னு சொன்னீங்க. சரி, நம்ம கண்ணுதான் சரியில்லைன்னு விட்டுட்டோம்."

கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூலி இல்லாமல் அரை மணி கூடுதலாக வேலை வாங்கி, ஒவ்வொரு நாளும் அந்த அரை மணியைத் திருடியிருக்கிறார்கள். சாயந்திரம் எல்லோரும் இறங்கிப் போன பிறகு முள்ளை மறுபடி முன்னால் தள்ளிச் சரி செய்துவிடுவார்கள். மறுநாள் விடியற்காலை பேர் கூப்பிடும் பெரட்டுக்கு யாரும் பிந்தக் கூடாதே! அதனால்தான் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிகாரம் யோக்கியமாக ஓடியது. எத்தனை வருஷமாக நடந்ததோ, யாருக்கும் தெரியாது. கடிகாரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பும் அளவுக்கு நடந்திருக்கிறது.

நேரே தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். மேசைமேல் அவருடைய பைக்கடிகாரம் திறந்திருந்தது. அது சரியான மணியைக் காட்டியது. கடிகாரம் பிந்தியிருந்ததால்தான் அக்காவால் விசாரணைக்குப் போக முடியவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன். குறித்த நாளுக்குள் தக்க காரணம் காட்டினால் விசாரணையை மறுபடி திறக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது.

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"இஞ்சை பாரும் பிள்ளை. அது தோட்டத்து நேரம். வெளி நேரம் வேறை. இதை எழுதித் தந்தால் நாளைக்கு நான் இந்தக் கதிரையில இருக்கேலாது."

"அப்ப ஒரு மனுஷியும் ரெண்டு பிள்ளைகளும் நாடில்லாம நிக்கலாமா?"

"எனக்கும் மனம் இருக்கு. ஆனால் எழுதித் தரேலாது. நீர் போம்."

அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மனம் இருக்கிறதாம்! மனத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக அந்த ஜன்னல் வழியாக அந்த முள் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

அன்றே அக்காவிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. டின்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அப்ப நிழலு சரிதானா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். சரிதான் என்றேன். அவருடைய முகம் இறுகியதை நான் பார்த்தேன். அந்த முகத்தில் கோபத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அதற்கு அடுத்த நாள் சாயந்திரம் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பதினாறு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதற்கும் மற்றவர் சொன்னதற்கும் துளி வித்தியாசம் இல்லை.

வேலை முடிவது நாலரைக்கு. தொழிற்சாலைக் கடிகாரம் நாலு மணி காட்டியது. தோட்டத்தை நடத்தும் துரை மோட்டார் சைக்கிளில் வந்து மலையடியில் நின்று, கண்டாக்கையாவோடு பேசிக்கொண்டிருந்தார். அக்கா நிரையை விட்டு இறங்கி வந்தார். கூடையை ரோட்டில் இறக்கி வைத்தார். கங்காணி கத்தியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துரைக்கு நாலடி தள்ளி நின்று, வகுப்பில் சொல்வதுபோலவே உரக்கச் சொன்னார்.

"சார், இட் இஸ் ஹாஃப் பாஸ்ட் ஃபோர்."

துரை திடுக்கிட்டுத் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

தொழிற்சாலையை அவர் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய கடிகாரம் எதிரிலேயே இருக்க, தன் கையைத்தான் பார்த்தார். மலையில் நின்ற அத்தனை பெண்களும் அதைக் கண்டார்கள். பார்த்த பிறகு துரைக்கு முகம் சிவந்துவிட்டது. கண்டாக்கையாவிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பெரட்டில் அக்காவின் பேரைக் கூப்பிடவில்லை. இரண்டு வாரம் வேலை இல்லை. அந்த வாரக் கடைசியில் தொழிற்சாலைக் கடிகாரத்தின் முகத்தைத் தகரம் அடித்து மூடினார்கள். பழுதாம்! அதற்குப் பிறகு மணி அடிக்கும் சத்தம் மட்டும்தான் வந்தது. நேரத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

நாங்கள் விடவில்லை. நடந்ததை அப்படியே பிரஜாவுரிமை ஆபீசுக்கு மனுவாக எழுதினேன். கடிகாரம் தினமும் அரை மணி பின்னால் தள்ளப்பட்டதை நான் கண்ணால் கண்டதாக என் கையெழுத்தையும் போட்டேன். வகுப்பிலிருந்த பதினாறு பேரும் சாட்சி சொன்னார்கள். கைநாட்டு வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருத்தியும் இங்கிலீஷில் தன் பேரை எழுதினாள். ஒரு பேரை எழுதி முடிக்கக் கால் மணி நேரம்கூடப் பிடித்தது. தாள் கிழியும்படி அழுத்தி எழுதினார்கள். வேலை போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. எழுதினார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அக்கா அதைப் பிரிக்காமல் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவந்தார். நான் வாசித்தேன். மனு தள்ளுபடி. ஆசிரியை அந்த வியாழக்கிழமை அங்கே இருக்கவில்லை, ஆகையால் அவருடைய கூற்று பொருந்தாது. ஏனைய சாட்சிகள் கடிகாரம் பார்க்க அறியாத தோட்டத் தொழிலாளர்கள், ஆகையால் நேரத்தைப் பற்றிய அவர்களுடைய கூற்றை ஏற்க இயலாது. கீழே ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தை என்னால் வாசிக்கவே முடியவில்லை.

தமிழில் சொல்லாமல் மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பதினாறு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். கடைசி வரியைச் சொல்லும்போது கோபத்தில் அந்தக் கடிதத்தைக் கசக்கிவிட்டேன்.

அக்கா என் கையிலிருந்து அதை வாங்கி, முழங்காலில் வைத்துச் சுருக்கம் நீக்கி, நாலாக மடித்து, பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார். மூடியை அழுத்தி மூடினார். பிறகு எழுந்து போய், நான் எப்போதும்போல் சாத்தி வைத்திருந்த கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார். வெயில் உள்ளே வந்து மூன்றாவது தொட்டிலின் கீழே விழுந்தது. அதை ஒரு தடவை பார்த்தார்.

"குவார்ட்டர் டு ஃபோர்" என்றார்.

நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலுக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது.